நே வின் காலத்துப் பர்மா: மண்ணின் மைந்தர் யார், விருந்தாளி யார்?

#1 அத்தோப்பிரியன்

தாத்தாவின் திவசத்துக்காகப் பரணைச் சுத்தம் செய்தபோது பாட்டியின் தகரப்பெட்டி கிடைத்தது. உள்ளே ஜாதகக் கட்டு. அதோடு சேர்த்து மஞ்சள் துணியில் சுற்றி, பர்மிய எழுத்தில் ஒரு சின்னப் புத்தகம். நாங்கள் இருப்பது வியாசர்பாடி. பர்மிய எழுத்து வாசிக்கத் தெரிந்த பெரியவர் தெருவுக்கு ஒருவராவது இங்கே உண்டு. ஒருவரிடம் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "இது வெளிநாட்டார் பதிவுப் புத்தகம்பா, வருஷா வருஷம் காசு கட்டி முத்திரை வாங்கணும்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. பாட்டி பிறந்தது பர்மாவில், பெகு என்ற ஊரில். பாட்டியின் அப்பா பிறந்ததும் பெகு. 1942-இல் ஜப்பான்காரனுக்குப் பயந்து லட்சக்கணக்கான பேர் இந்தியாவுக்கு நடந்தபோதுகூட இவர்கள் கிளம்பாமல் வயல்காட்டுக்குள் ஒளிந்துகொண்டார்களாம். 1965-இல் கப்பலேறும் வரை பாட்டி இந்தியாவைப் பார்த்ததே கிடையாது. அப்புறம் எப்படி வெளிநாட்டார்?

வீட்டில் கேட்டால் எல்லாரும் ஒரே வரியைத்தான் சொல்கிறார்கள்: "நே வின் கடையைப் பிடுங்கிட்டான், வந்துட்டோம்." எங்களுக்குக் கடையே இருந்ததில்லை. தாத்தா அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர். அவரிடம் பிடுங்க என்ன இருந்தது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 நூலகப்பூச்சி

தம்பி, "கடையைப் பிடுங்கினான்" என்பது பாதிக் கதை. கடை வைத்திருந்தவர்களுக்குத்தான் பிற்பாடு உட்கார்ந்து எழுதவும் பேசவும் வசதி இருந்தது. அதனால் நம்மூரில் அந்தப் பாதி மட்டும் நிலைத்துவிட்டது.

1962 மார்ச் 2 அன்று ராணுவத் தளபதி நே வின், பிரதமர் ஊ நுவின் அரசைக் கவிழ்த்தார். அடுத்த மாதமே 'சோஷலிசத்துக்கான பர்மியப் பாதை' என்று ஓர் அறிக்கை. ஜூலையில் ரங்கூன் பல்கலைக்கழக மாணவர் சங்கக் கட்டடத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1963-இல் வங்கிகள், 1964 மார்ச்சில் கடைகளும் மொத்த வியாபாரமும் அரசுடைமை. அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். இந்த உத்தரவுகள் இந்தியரையோ சீனரையோ பெயர் சொல்லிக் குறிவைக்கவில்லை. அதற்கு அவசியமும் இல்லை. ரங்கூன் கடைத்தெருவில் யாருடைய கடைகள் அதிகம் என்று உத்தரவு போட்டவருக்குத் தெரியும்.

இனி உங்கள் தாத்தா விஷயம். பிடுங்க ஒன்றுமில்லை என்கிறீர்கள். வேலை இருந்ததே! ஆலையை அரசு எடுத்துக்கொண்ட பிறகு அங்கே மூட்டை தூக்குவதும் அரசு வேலை. வெளிநாட்டார் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அரசு வேலைக்கு எங்கே போய் நிற்பது? 1962-க்குப் பிந்திய சில ஆண்டுகளில் கிளம்பிய இந்தியர்கள் சுமார் 3 லட்சம் பேர். அவர்களில் பெரும்பாலோர் தையல்காரர், பால்காரர், சலவைக்காரர், கூலிகள்.

"எப்படி வெளிநாட்டார்" என்ற கேள்விக்கு 1948-க்குப் போக வேண்டும். சுதந்திரம் வந்த அந்த ஆண்டிலேயே பர்மா ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டது. குறைந்தது இரண்டு தலைமுறையாக முன்னோர் அங்கே நிலையாகக் குடியிருந்து, பெற்றோரும் அங்கேயே பிறந்திருந்தால் நீங்கள் குடிமகன். அது இல்லாவிட்டாலும், பல ஆண்டுகள் வாழ்ந்தவர் மனுப்போட்டுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள வழி இருந்தது. ஏட்டில் மோசமான சட்டம் என்று சொல்ல முடியாது. ஆனால் மனு, சாட்சி, பிறப்புச் சான்று என்று அலைய வேண்டும். பலர் போடவே இல்லை. போட்ட பலருடைய மனுக்கள் அலுவலகத்திலேயே ஆண்டுக்கணக்கில் கிடந்தன. நே வின் வந்தபோது அந்த மனுக்கட்டு அவருக்குத் தயாராக இருந்தது.

பாட்டியின் அம்மா எங்கே பிறந்தவர் என்று கேட்டுச் சொல்லுங்கள். விஷயம் அங்கேதான் இருக்கும் என்று தோன்றுகிறது.

#3 கப்பல்பையன்

நான் 1966-இல் ஒன்பது வயதில் வந்தவன். இப்போது கண் சரியில்லை, பேரன் தட்டச்சு செய்கிறான். எழுத்துப்பிழை அவனுடையது.

எங்கள் பள்ளிக்கூடத்தை அரசு எடுத்துக்கொண்ட பிறகு தமிழ் வாத்தியார் வருவது நின்றுபோனது. எல்லாமே பர்மியமொழி. எனக்கு அது கஷ்டமில்லை, தமிழைவிட நன்றாகவே வரும். பர்மியமொழியில் இந்தியாக்காரனுக்குப் பெயர் 'கலா'. நாற்காலிக்குப் பெயர் 'கலாத்தைங்', அதாவது கலா உட்காருவது. கொண்டைக்கடலைப் பருப்பு 'கலாபெ'. கடல் வழியாக வந்த சாமான் எதற்கும் முன்னால் ஒரு கலா. வகுப்பில் ஒரு பையன் தினமும் நாற்காலியைக் காட்டி, "உன் சாமானை உன் ஊருக்கு எடுத்துட்டுப் போ" என்பான். அவனே மத்தியானம் என் அம்மா கட்டிக்கொடுத்த சோற்றைப் பிடுங்கித் தின்பான். நல்ல சிநேகிதன்தான். அப்போது அது கேலி என்றுகூட எனக்குத் தெரியாது.

கப்பலேறும் முன் சோதனை நடந்தது. அம்மா முந்தின நாளே தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மஞ்சள் கயிற்றில் ஒரு விரலி மஞ்சளைக் கட்டிக்கொண்டார். வரிசையில் நின்ற முக்கால்வாசிப் பெண்கள் கழுத்தில் மஞ்சள் கிழங்குதான்.

இன்னொன்று. வந்தவர்களில் சிலருக்கு இங்கே ஒத்துவரவில்லை. மணிப்பூர் வழியாக நடந்தே பர்மாவுக்குத் திரும்பப் பார்த்தார்கள். எல்லையில் விடவில்லை. அப்படியே அங்கே தங்கிப்போனதுதான் மோரே தமிழர் குடியிருப்பு. இன்றைக்கும் அங்கே அங்காள பரமேஸ்வரி கோவில் இருக்கிறது. துரத்திய ஊருக்கே திரும்பி நடந்தவர்களை என்னவென்று சொல்வது?

#4 குறுக்குசால்

உருக்கமாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு பக்கம்தானே பேசுகிறோம்? 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர். சொந்தத் தலைநகரத்திலேயே பர்மியன் சிறுபான்மை! 1930-களின் பொருளாதார மந்தத்தில் கீழ்ப்பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் கால்பங்கு நிலம் செட்டியார்கள் கைக்குப் போனது. விவசாயி வயிறு எரியாதா? இதை இனவெறி என்று முத்திரை குத்துவது சுலபம். எனக்கு இது வர்க்கக் கோபமாகத்தான் தெரிகிறது. நே வின் அதை அறுவடை செய்தார், அவ்வளவுதான்.

#5 தெக்கூரான்

குறுக்குசால் தம்பிக்கு. என் பாட்டையா பர்மாவில் மொலமேன் ஊரில் ஒரு மார்க்காவுக்கு, அதாவது செட்டியார் வட்டிக்கடைக்கு, அடுத்தாளாக (முகவருக்கு உதவியாளாக) இருந்தவர். வீட்டில் இன்னும் அந்தக் காலத்துப் பேரேடு இருக்கிறது. கால்பங்கு நிலம் வந்தது உண்மை. எப்படி வந்தது என்றும் சொல்லுங்கள். நெல் விலை சரிந்தது, வாங்கினவனால் கடனைக் கட்ட முடியவில்லை, அடமானம் மூழ்கியது. செட்டியாருக்கு வேண்டியது காசு. வயலை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார், ஏர் பிடிப்பாரா? 1930-இல் செட்டியார்கள் கையிலிருந்த நிலம் நூற்றுக்கு ஆறு பங்குதான். ஏழெட்டு வருஷத்தில் இருபத்தைந்து. விரும்பி வாங்கிய நிலம் இந்த வேகத்தில் ஏறாது.

வட்டி அதிகம், கண்டிப்பு அதிகம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பேரேட்டில் சில வரிகளைப் படித்தால் எனக்கே சங்கடமாக இருக்கும். வெள்ளைக்காரன் வங்கி எட்டிப்பார்க்காத கிராமத்துக்குக் கடன் கொடுத்தது நாங்கள், கெட்ட பெயரும் எங்களுக்கே. வெள்ளைக்காரன் சத்தமில்லாமல் கப்பலேறிப் போய்விட்டான்.

#6 நூலகப்பூச்சி

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் காலத்தைக் கொஞ்சம் ஒட்டவைத்துப் பாருங்கள்.

செட்டியார் நிலத்தை எடுத்தது நே வின் அல்ல. 1948-லும் 1953-லும் நில அரசுடைமைச் சட்டங்களைப் போட்டது தேர்தலில் வென்ற ஊ நு அரசு. அதாவது விவசாயியின் வயிற்றெரிச்சலுக்கு நியாயமோ அநியாயமோ ஒரு தீர்வு பத்து வருஷம் முன்பே முடிந்துவிட்டது. வர்க்கக் கோபம்தான் காரணம் என்றால் 1964-இல் சலவைக்காரன் ஏன் கப்பலேறினான்? அவன் யாருக்கு வட்டிக்கு விட்டான்?

இந்தக் கோபம் முதலில் யார் மேல் பாய்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குக் கூலிகள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். கப்பல் கம்பெனிகள் பர்மியர்களை வைத்து வேலையை நடத்தின. பேச்சுவார்த்தை முடிந்து கூலிகள் திரும்பியதும் பர்மியர்களைப் போகச் சொன்னார்கள். கலவரம் வெடித்தது. செத்தவர்களில் பெரும்பாலோர் இந்தியக் கூலிகள். முதலாளிகளுக்கு ஒரு கீறல் இல்லை. அந்தக் கலவரச் சூட்டில் பிறந்ததுதான் 'தோ பமா அசியாயோன்', 'நாம் பர்மியர் சங்கம்'. பர்மா நம் நாடு, பர்மிய மொழி நம் மொழி என்பது அவர்கள் முழக்கம். அடிமை நாட்டில் இப்படிச் சொல்வதில் தப்பில்லை, நாமும் சொன்னோம். அதில் வந்த இளைஞர்களில் ஒருவர்தான் ஷூ மாவுங், பிற்பாடு நே வின். அவர் உடம்பிலேயே சீன ரத்தம் உண்டு என்று பரவலாகச் சொல்வார்கள். அது அவரைத் தடுக்கவில்லை. 1967-இல் அரிசித் தட்டுப்பாடு முற்றியிருந்த நேரம், சீனப் பள்ளிப் பிள்ளைகள் மாவோ வில்லை குத்திக்கொண்டு வந்தார்கள் என்று ஆரம்பித்து ரங்கூன் சீனர்களை அடித்துக் கொன்றார்கள். அரிசிக் கோபம் சீனத்தெருவுக்குத் திரும்பியதில் ஆட்சியாளர்களுக்கு நஷ்டம் இல்லை.

கோபம் என்பது எல்லா நாட்டிலும் இருக்கிறது, எரிந்து அடங்கும். நே வின் அதை எடுத்து அடையாள அட்டையாக அச்சடித்தார். 1982 அக்டோபர் 15-ஆம் தேதிச் சட்டத்தைப் படித்துவிட்டு இது வர்க்கமா இனமா என்று சொல்லுங்கள். காச்சின், கயா, கரேன், சின், பர்மியர், மொன், ரக்கைன், ஷான் ஆகியோரும், 1823-க்கு முன்பே நாட்டில் குடியேறிவிட்ட இனத்தாரும் பிறப்பால் குடிமக்கள். 1824-இல் முதல் ஆங்கிலேய–பர்மியப் போர். ஆக வெள்ளைக்காரனோடு வந்தவன் எவனும் மண்ணின் மைந்தன் அல்ல. எந்த இனம் பட்டியலில் உண்டு, எது இல்லை என்று முடிவு செய்யும் அதிகாரம் அரசுக் கவுன்சிலுக்கு. மற்றவர்களுக்கு இரண்டாம் தரக் குடியுரிமை, மூன்றாம் தரக் குடியுரிமை. சட்டம் வருவதற்குச் சில நாள் முன்பு நே வின் பேசிய பேச்சு இன்னும் பச்சை. கலப்பற்ற ரத்தம் உள்ளவர்தான் முழுக் குடிமகன், மற்றவர்கள் இங்கே சம்பாதித்து வாழலாம், நாட்டின் தலைவிதியைத் தீர்மானிக்கும் பொறுப்பில் அவர்களை நம்ப முடியாது என்பது அதன் சாரம். பேரப்பிள்ளை காலத்தில் எல்லாரும் ஒன்றாகிவிடுவார்கள் என்று ஓர் ஆறுதலும் சேர்த்துக்கொண்டார்.

#7 சிங்கைச்சிட்டு

அந்த அட்டையை நான் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். எங்கள் அலுவலகத்தில் மியன்மாவிலிருந்து வந்த ஒரு தோழி இருக்கிறாள். பெயர் சுத்தமான பர்மியப் பெயர். தைப்பூசத்தன்று விடுப்புக் கேட்டபோதுதான் எனக்கு விஷயமே தெரியும். வீட்டில் அவளுக்குத் தமிழ்ப் பெயர் வேறு.

முழுக் குடிமகனுக்கு இளஞ்சிவப்பு, இரண்டாம் தரத்துக்கு நீலம், மூன்றாம் தரத்துக்குப் பச்சை. எண்ணுக்கு நடுவில் அடைப்புக்குள் ஓர் எழுத்து வரும். முழுக் குடிமகன் என்றால் 'நைங்'. இரண்டாம் தரம் என்றால் 'எய்'. இந்த 'எய்' என்ன என்று கேட்டேன். "விருந்தாளி" என்றாள். சட்டத்தை ஆங்கிலத்தில் எழுதும்போது இணைக் குடிமகன் மாதிரி கௌரவமாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பர்மிய மொழியில் அது 'எய் நைங்ஙந்தா', விருந்தாளிக் குடிமகன். அவள் பெரியப்பா அந்த ஊரிலேயே பிறந்து, அந்த ஊரிலேயே எழுபது வயதுவரை விருந்தாளியாக இருந்து செத்தாராம்.

அட்டையில் மதம் ஒரு வரி, 'லூமியோ' அதாவது இனம் ஒரு வரி. இவள் அட்டையில் இந்தியா கூட்டல் பமா (பர்மியர்) என்று இரண்டு இனம். பாட்டி பர்மியப் பெண். தம்பியோடு ஒரே அலுவலகத்துக்கு, வேறு வேறு ஆண்டில் போயிருக்கிறாள். தம்பியின் அட்டையில் வெறும் பமா. "அன்றைக்கு இருந்த அதிகாரிக்கு நல்ல மனசு, கொஞ்சம் டீக்காசும் கொடுத்தோம்" என்கிறாள். ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த இரண்டு பேர் இரண்டு இனம்! இதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான்தான் சிரிக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

#8 கல்வெட்டுக்கிறுக்கன்

1823 என்ன 1823! பர்மாவின் பழைய தலைநகர் பாகனில் 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. மேலே சமஸ்கிருதச் சுலோகம், கீழே நல்ல தமிழ். புக்கமான அரிவத்தனபுரத்து (பாகனின் பழைய பெயர்) நானாதேசி விண்ணகரம் என்ற பெருமாள் கோவிலுக்கு மகோதயர்பட்டினத்துக் குலசேகர நம்பி மண்டபமும் கதவும் செய்து, நின்றெரிய ஒரு விளக்கும் வைத்ததாகச் செய்தி. நானாதேசி என்றால் கடல்கடந்த வணிகர் குழு. நாம் அங்கே எழுநூறு வருஷத்துக்கு முன்பே கோவில் கட்டியவர்கள். நே வின் சட்டப்படியே பார்த்தாலும் தமிழன் மண்ணின் மைந்தன்தான். இதை எடுத்துக்கொண்டு போய் யாராவது வாதாடியிருக்க வேண்டும்.

#9 அத்தோப்பிரியன்

ஐயா, இது எனக்குத் தெரியவே தெரியாது. பாட்டியிடம் இன்றைக்கே சொல்கிறேன்!

#10 நூலகப்பூச்சி

சொல்லுங்கள் தம்பி, பாட்டி சந்தோஷப்படட்டும். ஆனால் கிறுக்கரே, அந்த விளக்குக்கும் பெகு ஆலையில் மூட்டை தூக்கியவருக்கும் என்ன சொந்தம்? குலசேகர நம்பி கதவு செய்து கொடுத்ததால் தம்பியின் பாட்டிக்கு உரிமை வருகிறது என்றால், அவர் கொடுக்காமல் இருந்திருந்தால் பாட்டியைத் துரத்தியது சரியா?

நாம் கல்வெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடும்போதே நே வின் ஜெயித்துவிட்டார். யார் முதலில் வந்தது என்பதுதான் கேள்வி என்று ஒப்புக்கொண்டாயிற்று. மிச்சம் வருஷக் கணக்கு மட்டும். அந்தச் சட்டம் பர்மாவில் செய்த பெரிய வேலை இதுதான் என்பது என் கட்சி. ஒதுக்கப்பட்டவனும் அதே படியைக் கையில் வைத்துக்கொண்டு அளக்க ஆரம்பித்துவிட்டான்.

பர்மாவின் மேற்குக் கரையில் அரக்கானில் வாழும் முஸ்லிம்களான ரோஹிங்யாக்களைப் பாருங்கள். 1799-இல் பிரான்சிஸ் புக்கனன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், அரக்கானில் நெடுங்காலமாக வாழும் முகமதியர்கள் தங்களை 'ரூயிங்கா' என்று சொல்லிக்கொள்வதாக எழுதிவைத்தார். 1823-க்கு 24 வருஷம் முந்தைய சாட்சி. அவர்கள் தரப்பில் யார் எழுதினாலும் புக்கனன் வராமல் இருக்க மாட்டார். எதிர்த்தரப்பு உடனே பிரிட்டிஷ் கணக்கெடுப்பை எடுத்து, இத்தனை பேர் பின்னால் வந்த வங்காளிகள் என்று காட்டும். ஊ நு காலத்தின் கடைசியில் பர்மா வானொலியில் ரோஹிங்யா மொழி நிகழ்ச்சியே நடந்தது. அதெல்லாம் செல்லாது, 1823-க்கு முந்தியதைக் கொண்டு வா!

சரி, அந்த வருஷமாவது நேர்மையானதா? அரக்கான் ஒரு தனி அரசாக இருந்தது. பர்மிய மன்னர் போதௌபயா அதைப் பிடித்தது 1784–85-இல். 1823-க்கும் அதற்கும் நாற்பது வருஷம்கூட இல்லை. படையோடு உள்ளே போன பர்மியன் மண்ணின் மைந்தன். அடுத்த படையோடு வந்த கூலி வேற்றாள். யார் படை என்பதைத் தவிர இதில் என்ன வித்தியாசம்?

அப்புறம் ஒரு சட்ட நுணுக்கம். 1982 சட்டத்தின் 6-ஆம் பிரிவு, ஏற்கெனவே குடிமகனாக இருப்பவர் குடிமகனாகவே தொடர்வார் என்கிறது. ஏட்டின்படி பல ரோஹிங்யாக்கள் தப்பித்திருக்க வேண்டும். 1989-இல் பழைய பதிவு அட்டையை ஒப்படைத்துவிட்டுப் புது நிற அட்டை வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். ஒப்படைத்தார்கள். புதியது வரவே இல்லை. 1995 முதல் தற்காலிகம் என்று ஒரு வெள்ளை அட்டை கொடுத்தார்கள், 2015-இல் அதையும் ரத்து செய்தார்கள்.

#11 குறுக்குசால்

தமிழர் விஷயம் வேறு, ரோஹிங்யா விஷயம் வேறு. நம்மவர்கள் ஆயுதம் எடுக்கவில்லை, தனி நாடு கேட்கவில்லை, பேசாமல் கப்பலேறினார்கள். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். சுதந்திரம் வந்த காலத்திலேயே வடக்கு அரக்கானில் முஜாஹித் கிளர்ச்சி நடந்ததை மறந்துவிட்டீர்களா?

#12 இழைக்காவலர்

இதற்கு மேல் வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். மதத்தை வைத்து வசை வேண்டாம். இழை நன்றாகப் போகிறது, கெடுக்காதீர்கள்.

#13 கப்பல்பையன்

குறுக்குசால் தம்பி, பேசாமல் கப்பலேறினோம் என்கிறீர்கள். ஏற எங்களுக்குக் கப்பல் வந்தது. இந்தியா எங்களை வாங்கிக்கொண்டது. சென்னையில் இறங்கியதும் முகாம், கொஞ்சம் கடன், கொஞ்ச நாளில் பீச் ஸ்டேஷன் பக்கம் நடைபாதையில் துணி விரித்துச் சாமான் விற்க இடம். 1969-இல் அதுதான் பர்மா பஜார் ஆனது. ரோஹிங்யாக்களை வாங்கிக்கொள்ள யார் இருந்தார்கள்? 1978-இல் 'நாகமின்' என்று பெயர் வைத்து அரக்கானில் சோதனை நடத்தினார்கள். டிராகன் அரசன் என்று அர்த்தம். இரண்டு லட்சத்துக்கு மேல் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். அந்த நாடு பிறந்து ஏழு வருஷம்கூட ஆகவில்லை. அடுத்த ஆண்டுக்குள் பெரும்பாலோரைத் திருப்பி அனுப்பிவிட்டது. திரும்பிப் போனவர்களுக்கு மூன்று வருஷத்தில் கிடைத்தது அந்த 1982 சட்டம்.

கிளர்ச்சி நடந்தது உண்மைதான். கரேன்களும் காச்சின்களும் எத்தனை வருஷம் துப்பாக்கி பிடித்தார்கள்? அவர்கள் இன்றும் சட்டத்தில் மண்ணின் மைந்தர்கள்தானே. அவர்களைக் குண்டு போட்டுக் கொன்றார்களே தவிர, நீ இந்த நாட்டான் இல்லை என்று சொல்லவில்லை. துப்பாக்கி காரணமென்றால் எல்லாருக்கும் ஒரே கணக்காக அல்லவா இருக்க வேண்டும்?

#14 குறுக்குசால்

கரேன் விஷயம் நான் யோசிக்காதது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதில் நே வினை மட்டும் ஏன் பிடித்துத் தொங்குகிறோம் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. 1988-இல் பதவியை விட்டார். 2002-இல் வீட்டுக்காவலில் செத்தார். அப்புறம் தேர்தல் வந்தது, ஆங் சான் சூச்சி வந்தார். சட்டத்தை மாற்றியிருக்கலாமே?

#15 சிங்கைச்சிட்டு

அதைத்தான் நானும் தோழியிடம் கேட்டேன். அவள் குடும்பமே சூச்சி பக்கம். 1988-இல் அவள் அப்பா ஊர்வலத்தில் போனவர். 2015 தேர்தலில் சூச்சி கட்சி ஒரு முஸ்லிம் வேட்பாளரைக்கூட நிறுத்தவில்லை. 2017 ஆகஸ்டுக்குப் பிறகு ஏழு லட்சம் ரோஹிங்யாக்கள் எல்லை தாண்டினார்கள். 2019 டிசம்பரில் சூச்சியே தி ஹேக் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போய், இனப்படுகொலை வழக்கில் நாட்டுக்காக வாதாடினார். அந்த மக்களை அந்தப் பெயரால் குறிப்பிடாமலே பேசி முடித்தார். என் தோழி அன்றைக்கு சூச்சி படத்தை முகநூலில் வைத்திருந்தாள். "ராணுவத்தைப் பிடிக்காது, ஆனால் அவர்கள் 135-இல் இல்லையே" என்றாள். 135 என்பது அரசு அங்கீகரித்த இனங்களின் எண்ணிக்கை. நான் ஒன்றுதான் கேட்டேன்: "நீ இருக்கிறாயா?" தமிழர் அதில் கிடையாது. அவளுக்கு அது தெரியாமல் இல்லை. அந்தக் கேள்வி தன் பக்கமும் திரும்பும் என்று நினைக்கவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

2021 பிப்ரவரி ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு அவள் மாறினாள். நகரத்துத் தெருவில் ராணுவம் சுடுவதைப் பார்த்த நிறையப் பேர் மாறினார்கள். அந்த ஜூன் மாதம், ராணுவத்தை எதிர்த்துத் தலைமறைவாக இயங்கும் மக்கள் அரசு 1982 சட்டத்தை நீக்குவோம் என்று அறிவித்தது. ரோஹிங்யா என்ற பெயரையும் சொன்னது. ராணுவம் அதற்கும் மேலே போய்விட்டது. 2024-இல் ஆள் போதாமல் கட்டாயப் படைச்சேர்ப்பு ஆரம்பித்தபோது, குடிமக்களே இல்லை என்று சொன்ன அந்த ரோஹிங்யா இளைஞர்களை முகாம்களிலிருந்து பிடித்துக்கொண்டு போனார்கள்.

#16 தெக்கூரான்

துப்பாக்கி தூக்க மட்டும் சொந்தக்காரன். நல்ல நியாயம்.

#17 அத்தோப்பிரியன்

தாமதத்துக்கு மன்னிக்கவும், பாட்டிக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். இன்றைக்குத்தான் நிதானமாகப் பேச முடிந்தது.

நூலகப்பூச்சி ஐயா ஊகித்தது சரி. பாட்டியின் அம்மா சிவகங்கைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகிப் போனவர். பெற்றோர் இருவரும் அங்கேயே பிறந்திருக்க வேண்டும் என்ற வரியில் பாட்டி விழுந்துவிட்டார். மனுப்போட்டுக் குடியுரிமை வாங்கும் வழி இருந்ததாமே என்று கேட்டேன். "ஆலைக்கு ஒருத்தர் வந்து எல்லாருக்கும் எழுதித் தர்றேன்னார். காசு கேட்டார். உங்க கொள்ளுத்தாத்தா, நாம எங்க போகப் போறோம், இங்கதானே இருக்கோம், எதுக்குக் காகிதம்னுட்டார்."

கல்வெட்டு விஷயத்தையும் சொன்னேன். "யார் அந்த நம்பி, செட்டியாரா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். ஆர்வம் போய்விட்டது.

இத்தனை வருஷம் அந்தப் புத்தகத்தை ஏன் பத்திரமாக வைத்திருந்தார் என்றும் கேட்டேன். நானாக ஏதேதோ நினைத்து வைத்திருந்தேன். பாட்டி முதல் பக்கத்தைத் திறந்து காட்டினார். முத்திரை பாதியை மறைத்த ஒரு போட்டோ. பதினேழு வயது, இரட்டைச் சடை, காதோரம் பூ. "கல்யாணத்துக்கு முந்தி எடுத்தது இது ஒண்ணுதான்டா இருக்கு."

முத்திரை மை படிந்த பழைய போட்டோவைச் சரிசெய்து பெரிதாகப் போட்டுத் தரும் கடை பாரிமுனைப் பக்கம் யாருக்காவது தெரியுமா? புத்தகத்திலிருந்து படத்தைப் பிரிக்காமல் செய்ய வேண்டும்.